ஆட்டிசக் குழந்தையின் தாய்க்குப் போன் வழியே மனநல உதவி: கோத்தகிரியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம். ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று கோவையில் உறுதிசெய்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை தெரபிக்காகத் தாய் பையனை அழைத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். கணவர் தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. ‘நீ போனைக் கொடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான்’ என்கிறார் மாமியார். இரவில் தூக்கமில்லை, பகலில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. “பெற்றோருக்கே ஆன்லைனில் மனநல உதவி கிடைக்கும் என்கிறார்கள். இலவச எண், வீடியோ கவுன்சலிங், வாட்ஸ்அப் குழு, செயலி என்று பலதும் சொல்கிறார்கள். இதில் எது உண்மையில் உதவும்?”

குன்னூரில் சிறப்புக் கல்வியாளராக வேலை செய்கிறேன். உங்களைப் போன்ற தாய்மார்களோடு பேசுவது என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்: உதவும். எல்லாம் அல்ல, சில. எவை என்று சொல்வதற்கு முன் உங்கள் மாமியாரின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். அது மனதில் கிடக்கும்வரை, உதவிக்காகக்கூடப் போனைத் தொட உங்களுக்குக் கை கூசும்.

போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பே மூளை வளரும் விதத்தில் அதன் வேர் இருக்கிறது. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பதை 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு தொடங்கிப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெடுநேரம் திரை பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதப்படலாம், தூக்கம் கெடலாம். குறைப்பது நல்லதுதான். அது வேறு, ஆட்டிசம் வேறு. தாயைக் குற்றம் சொல்லும் வழக்கமோ கைபேசியைவிட மிகப் பழையது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று மேற்கத்திய மருத்துவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் அந்த வாதத்தை உடைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. பெரிய படிப்புப் படித்தவர்களே அப்படி நம்பியிருக்கும்போது உங்கள் மாமியாரை மட்டும் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. அவர் சொன்னதை நீங்கள் சுமந்து திரிவதிலும் நியாயமில்லை.

இனி உங்கள் கேள்வி. செயலியோ குழுவோ வகுப்போ, எது உங்கள் முன் வந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுப்பாருங்கள்: இதில் சேர்ந்தால் என் வேலை குறையுமா, கூடுமா? ‘பெற்றோர் ஆதரவு’ என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, தெரபிஸ்ட் செய்யும் வேலையில் ஒரு பங்கைத் தாயின் கையில் கொடுப்பதுதான். தினமும் விளையாட்டுப் பயிற்சி, வாரம் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவது, அட்டவணை நிரப்புவது. குழந்தைக்கு இவை பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அது குழந்தைக்கான உதவி. இரவில் நான்கு மணி நேரம்கூடத் தூங்காத ஒரு பெண்ணுக்கு இன்னொரு வீட்டுப்பாடத்தைக் கொடுத்துவிட்டு, அதையே அவளுடைய மனநலத்துக்கான திட்டம் என்று எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டையும் சேர்த்து யோசித்த திட்டங்களும் இருக்கின்றன. வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுவரையான குழந்தைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பராமரிப்பாளர் பயிற்சியை வகுத்திருக்கிறது. 9 குழு அமர்வுகள், 3 முறை வீட்டுக்கே வந்து பார்த்தல் என்பது அதன் அமைப்பு. 2022 முதல் இணையவழிப் பதிப்பும் இலவசமாக உண்டு. பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வதற்கும் அந்தப் பயிற்சியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் கோவை மையத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் இந்த மாதமே சேர வேண்டாம். முதலில் நீங்கள் தூங்க வேண்டும்.

இன்று இரவே செய்யக்கூடியது 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல சேவை, 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் மனநல சேவைக்கும் இதே எண்தான். 24 மணி நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவை என்று அவர் நினைத்தால் உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ உங்களை இணைப்பார், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை நேரில் பார்க்கவும் வழி சொல்வார். கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டில் மலையாளமோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்த மொழியையே தேர்ந்தெடுக்கலாம். 2024 அக்டோபரில் இதற்கென ஒரு செயலியும் வீடியோ ஆலோசனையும் வந்தன. வீடியோ வசதி முதலில் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இந்த எண்ணை ஒருமுறை அழைத்துவிட்டு ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் நடப்பது இதுதான். எடுத்தவுடன் ‘என் பையனுக்கு ஆட்டிசம்’ என்று தாய் தொடங்குகிறார். மறுமுனையில் இருப்பவர் பையனைப் பற்றியே கேட்கிறார். வயது என்ன, பேசுகிறானா, எங்கே தெரபி. பத்து நிமிடத்தில் ஏற்கெனவே தெரிந்த மையங்களின் பெயர்களோடு அழைப்பு முடிந்துவிடுகிறது. ஆகவே முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். ‘நான் எனக்காகப் பேசுகிறேன். எனக்கு இத்தனை நாளாகத் தூக்கமில்லை, அழுகை வருகிறது. என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது, அவனுக்குத் தெரபி நடக்கிறது.’ இந்த வரிசையில் சொல்லுங்கள். முடிக்கும்போது, மறுபடி எப்போது அழைப்பார்கள் என்று நீங்களே கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே குரல் கிடைக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும் என்றால், அதற்கு வேறு ஆள் தேட வேண்டும்.

அந்த வேறு ஆள், வீடியோவிலோ போனிலோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்களோடு பேசும் ஓர் உளவியலாளர். இதற்காக மலையிறங்க வேண்டியதில்லை. பேசிப் பேசியே செய்யும் சிகிச்சையில் பெரும்பகுதி தொலைவிலிருந்தும் நன்றாக நடக்கும். ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை வைத்துக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கழகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். மனநல மருத்துவராக இருந்தால், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி நெறிமுறைகளின்படி அவருடைய மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் அடுத்த அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரோடு அவர் வேலை செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அந்த அனுபவம் இல்லாதவர், ‘தினமும் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தேதி கொடுப்பார். அந்த ஒரு மணி நேரம் பையனை யார் பார்ப்பது என்று கேட்பவரே உங்களுக்கு உரியவர்.

முதல் அமர்வில் எதைப் பேசுவது? என்னைக் கேட்டால், தூக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தூக்கச் சிக்கல் இருக்கிறது. அவன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடந்தால் நீங்களும் நடக்கிறீர்கள். இது உங்கள் மன பலவீனம் அல்ல, தூங்கும் மணி நேரக் கணக்கில் வரும் பிரச்சினை. குழந்தையின் தூக்கத்துக்கு வழிமுறைகள் இருக்கின்றன, தேவையானால் குழந்தை மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தும் இருக்கிறது. பையன் எப்போது படுத்தான், எப்போது எழுந்தான் என்று சில நாட்கள் காலண்டர் தாளில் குறித்து அதை மருத்துவருக்கு அனுப்புங்கள். பிள்ளை ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கத் தொடங்கிய வீடுகளில் தாயின் அழுகை பாதி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் கவுன்சலிங்.

மலையில் இருப்பதால் சில சங்கடங்கள் வரும். ஆன்லைன் ஆலோசனை தருபவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வீட்டில் தனிமை இல்லையென்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே நடந்துகொண்டே பேசுங்கள்’ என்பார்கள். இருட்டியபின் தேயிலைத் தோட்டத்து ஓரம் கரடியோ காட்டெருமையோ நிற்கும் ஊர் இது என்று அவர்களுக்கு யார் சொல்வது? பகலில் பேசுங்கள். பையன் பள்ளியில் இருக்கும் நேரம் சிறந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர் என்றால் மதிய இடைவேளை. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வீடியோ அறுந்து அறுந்து வந்தால் சாதாரண அழைப்புக்கு மாறச் சொல்லுங்கள், குரல் மட்டும் போதும். நவம்பர் மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடிவிட்டால் கோவைத் தெரபி தவறிப்போகும். ஏப்ரல், மே சீசன் நெரிசலில் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. அந்த நாட்களில் அதே நேரத்தில் போனில் அரை மணி நேரம் பேசித் தருவார்களா என்று மையத்தோடு இப்போதே முடிவுசெய்துவையுங்கள். தெரபி தவறிய வாரத்தில்தான் தாய்மார்களின் குற்ற உணர்ச்சி கூடுகிறது. அதற்காகவே இதை வலியுறுத்துகிறேன்.

குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிக அதிகமாக உதவுவதும் மிக அதிகமாகக் கெடுப்பதும் அவைதான். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோர் இருக்கும் பெரிய வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் வெளியேறுங்கள், அல்லது சத்தத்தை அணைத்துவையுங்கள். அங்கே ஒருவர் பையன் பேசத் தொடங்கிய வீடியோவைப் போடுவார், உங்களுக்கு மனம் இடிந்துவிடும். இன்னொருவர் பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் குணமாகும் என்பார். அதன்பின் ஸ்டெம் செல் எனும் குருத்தணுச் சிகிச்சை விளம்பரம் வரும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

உங்களுக்கு வேண்டியது இதே மலையைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பங்கள். டிசம்பர்க் குளிரில் பையன் ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறான், கம்பளி உடம்பில் பட்டாலே கத்துகிறான், பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் ‘பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் போடக்கூடாதா’ என்று உங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதைச் சமவெளியில் இருக்கும் தாயிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். குன்னூர்த் தாயிடம் விளக்க வேண்டியதில்லை, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் இரண்டு போட்டுவிட்டு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் மாட்டினால் பொறுத்துக்கொள்கிறான் என்று அவரே சொல்லிவிடுவார். எந்தச் சலூன்காரர் பொறுமையாக முடி வெட்டுவார், எந்தப் பல் மருத்துவர் காத்திருக்க வைக்காமல் பார்ப்பார், எந்தக் கடையில் பையன் கீழே புரண்டு அழுதாலும் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதெல்லாம் இத்தகைய குழுவில்தான் கிடைக்கும். மனநலம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த மாதிரிச் செய்திகளால் ஆனது.

அந்த ஐந்தாறு பேரை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் அரசுப் பள்ளிகளுக்கான சிறப்புக் கல்வியாளர் இருப்பார். ஒன்றியத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் யார் யார் என்பது அவருக்குத் தெரியும். அவர் யாருடைய எண்ணையும் கேட்காமல் தர மாட்டார், தரவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ள பெற்றோரை அழைக்கச் சொல்லுங்கள். தட்டச்சு செய்ய நேரமில்லாதவர்கள் குரல் பதிவாகப் பேசட்டும். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் குழு அழைப்பு. யார் பிள்ளை எவ்வளவு முன்னேறினான் என்ற ஒப்பீடு வேண்டாம், மருந்துப் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது வேண்டாம். பிள்ளை கத்திப் புரளும் வீடியோவைக் குழுவில் போடவும் வேண்டாம். தெரபிஸ்டுக்குத் தேவையென்றால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஆறு வயதுப் பையனுக்கு நாளை பதினாறு வயதாகும், அப்போது அந்த வீடியோ யார் போனில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல்களுக்கும் இதே விதி.

செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு போன்றவற்றை ஒலிப்பதிவாக இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இரவிலும் கேட்கலாம். அந்த அளவுக்குப் பயன்படும். மாதச் சந்தா கட்டாதீர்கள். குழந்தையின் பெயர், புகைப்படம், பிறந்த தேதி கேட்கும் செயலியில் எதற்காக என்று பார்க்காமல் எதையும் நிரப்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவோடு அரட்டை அடிப்பதைப் பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுத, மருத்துவர் அறிக்கையில் உள்ள சொற்களைப் புரிந்துகொள்ள அது உதவும். நள்ளிரவில் மனம் உடைந்து கிடக்கும்போது அதனிடம் போகாதீர்கள். அந்த நேரத்தில் மூச்சு வாங்குவதைக் கேட்டே நிலைமையை ஊகிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

உங்கள் அழுகை சோர்வா, மனச்சோர்வு நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் தூக்கம், களைப்பு பற்றிய கேள்விகளில் உங்களைப் போன்ற எந்தத் தாய்க்கும் மதிப்பெண் தானாகவே ஏறிவிடும். ஆகவே மற்ற பதில்களைக் கூர்ந்து பாருங்கள். முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறதா என்பவை முக்கியம். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள்.

‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள், இரண்டு பேரும் போய்விட்டால் நல்லது’ என்ற எண்ணம் பல தாய்மார்களுக்கு ஒரு கணமாவது வந்துபோகிறது. வந்ததற்காக நீங்கள் கெட்ட தாய் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தால், அல்லது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டு 14416ஐ அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் 108. நம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்தி வேறொருவர் பூட்டிவைக்கட்டும். சின்ன ஏற்பாடாகத் தோன்றும், உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பணக் கவலையும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு செய்தி. ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டை வாங்கிவிட்டால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவில் ஒரு பகுதியையும் அதில் கோரலாம். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைகள் அந்த 21 வகைகளுக்குள் வருவதில்லை, அது வேறு வருத்தம்.

கடைசியாக உங்கள் கணவர். கேள்வியில் அவரைப் பற்றி ‘ஷிப்ட் வேலை’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆண்கள் குழுவில் சேர மாட்டார்கள், சேர்ந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவரை உங்கள் கவுன்சலிங்குக்குள் இழுக்க வேண்டாம், சண்டையில் முடியும். 14416 அவருக்கும் பொதுதான் என்று எண்ணை மட்டும் அவர் போனில் பதிந்து வையுங்கள். அவரிடம் நேராகக் கேட்க வேண்டியது ஒன்றே. உங்கள் அமர்வு நடக்கும் அந்த முக்கால் மணி நேரம் பையனை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், மாமியாரிடம் விடக்கூடாது. ஷிப்ட் அட்டவணை வந்தவுடன் தேதியைக் குறித்துவிட்டு உளவியலாளரிடம் நேரம் வாங்குங்கள். முதலில் நேரம் வாங்கிவிட்டுப் பிறகு வீட்டில் கெஞ்ச வேண்டாம்.